மிரளும் இளங்குதிரைக்குத் தைரியம் வர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தை முடிந்த சில வாரங்களில் இந்தக் கேள்விகள் வரத் தொடங்கும். சந்தையில் அமைதியாக நின்ற மூன்று வயது மார்வாரி இனக் குதிரை, வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் வாளியைப் பார்த்தே மிரள்கிறது என்பார்கள். ரேஸிலிருந்து விலக்கப்பட்ட தரோபிரெட்டை (பந்தயக் குதிரை இனம்) வாங்கியவர்களும், ரைடிங் கிளப்பில் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ்களும் கேட்பது கிட்டத்தட்ட இதையேதான்.

கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. பதில்கள் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள, சவாரிக்குப் பழகிக்கொண்டிருக்கும் குதிரைகளுக்கானவை. எல்லாப் பதிலிலும் ஓடும் விஷயம் ஒன்றுதான்: பயம் முற்றிய பிறகு குதிரைக்கு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. பயம் தலைகாட்டும் தூரத்துக்கு ஓரடி வெளியே நின்றுகொண்டு செய்யும் வேலைதான் உருப்படும்.

குதிரை நிஜமாவே பயப்படுதா, இல்ல பிடிவாதம் பிடிக்குதா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பயந்த குதிரையின் உடம்பு முதலில் இறுகும். தலை உயரும். இரண்டு காதும் ஒரே பக்கம் விறைத்து நிற்கும். மூக்குத் துவாரம் விரியும், கீழுதட்டுக்கு அடியில் உள்ள சதை சுருங்கிக் கெட்டியாகும். வாயில் புல் இருந்தால் மெல்லுவது பாதியில் நின்றுவிடும். பலரும் கவனிக்கத் தவறும் அடையாளம் இதுதான். வால் தொடையோடு ஒட்டிக்கொள்ளும், லத்தி அடிக்கடி இளகலாக விழும். சந்தேகம் இருந்தால் நாடி பாருங்கள். சும்மா நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். நடக்காமல் ஓடாமல் நிற்கும் குதிரைக்கு 60, 70 என்று வந்தால் அதைப் பிடிவாதம் என்று சொல்ல முடியாது.

நாக்கைச் சுழற்றி வெறும் வாயை மெல்லுவதைப் பார்த்து "புரிஞ்சுக்கிச்சு" என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. பதற்றம் இறங்கும்போதுதான் அது பெரும்பாலும் வரும். அதற்கு முன் பதற்றம் இருந்தது என்றும் அதுவே சொல்கிறது. ஒரே பாடத்தில் அது திரும்பத் திரும்ப வந்தால், குதிரையைத் திரும்பத் திரும்பப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒண்ணுமே இல்லாத இடத்துல மிரளுது. அதுக்கு அப்படி என்னதான் தெரியுது?

நமக்குத் தெரியாதது நிறையவே தெரிகிறது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னால் சிறிது இடமும் வாலுக்கு நேர் பின்னால் சிறிது இடமும்தான் தெரியாது. ஓரத்தில் எது அசைந்தாலும் பிடித்துவிடும், ஆனால் அது என்னவென்று துல்லியமாகத் தெரியாது. அதனால்தான் முதலில் விலகிவிட்டுப் பிறகு திரும்பிப் பார்க்கிறது. அந்த நேரத்தில் லகானை இறுக்கித் தலையைப் பிடித்துவைத்தால், பார்த்துத் தெளிவடையும் வழியையே அடைத்துவிடுகிறோம்.

நிறத்தில் நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கஷ்டம். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். உச்சி வெயிலில் இருண்ட கொட்டகைக்குள் போக மறுக்கும் குதிரையை வாசலில் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். காது நம்மால் கேட்க முடியாத உயர்ந்த ஒலிகளையும் கேட்கும்.

எந்த வயசுல மேல ஏறலாம்? ரேஸ் குதிரைங்க ரெண்டு வயசுலயே ஓடுதே?

ஓடுகின்றன. ஆனால் 450 கிலோ குதிரை மேல் ஐம்பத்துச் சொச்சம் கிலோ ஜாக்கி சில நிமிடம் ஏறுவதும், 350 கிலோ மார்வாரி மேல் எண்பது கிலோ ஆள் ஒரு மணி நேரம் உட்காருவதும் ஒன்றல்ல. முழங்காலுக்கு மேலுள்ள எலும்பின் வளரும் பகுதி மூட இரண்டு, இரண்டரை வயதாகும். முதுகெலும்பு முழுசாக முதிர ஐந்து வயதுக்கு மேலும் ஆகும். மூன்று வயதில் ஏறிப் பழக்கி நடை மட்டும் பாருங்கள். நான்கில் ட்ராட்டும் (நடையைவிட வேகமான துள்ளுநடை) கொஞ்சம் கேன்டரும் (நிதானமான பாய்ச்சல் ஓட்டம்) சேர்க்கலாம். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இளங்குதிரைக்கு 15 நல்லது. 350 கிலோ குதிரைக்கு அது சுமார் 52 கிலோ. முதல் மாதங்களில் வீட்டிலேயே லேசான, நிதானமான ஆள் ஏறட்டும்.

விற்பவர் சொல்லும் வயதை முன்பற்களைப் பார்த்துச் சரிபாருங்கள். நடுப் பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓரப் பற்கள் நாலரையிலும் பால்பல் விழுந்து நிரந்தரமாகும். "நாலு வயசு" என்று வந்த குதிரைக்கு நடு ஜோடி மட்டும் மாறியிருந்தால், அது இன்னும் குட்டிதான்.

பயிற்சி தொடங்கும் முன்னாடி முதல்ல என்ன பாக்கணும்?

வலி. பயந்தாங்கொள்ளி என்று பெயர் எடுத்த குதிரைகளில் பலவற்றுக்கு எங்கேயோ வலிக்கிறது. கால்நடை மருத்துவரை அழைத்து வாய், கண், முதுகு, குளம்பு நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டரை முதல் நாலரை வயது வரை கடைவாய்ப் பால்பற்கள் தொப்பி போல மேலே ஒட்டிக்கொண்டு ஈறைக் குத்தும். கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் தனியாக முளைக்கும் சின்னப் பல் கடிவாளத்தில் இடித்துத் தலையை உதறவைக்கும். ஒரே பக்கமிருந்து வருவதற்கு மட்டும் மிரண்டால் அந்தப் பக்கக் கண்ணைக் கட்டாயம் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சேணத்தை நீங்களே பார்க்கலாம். ஆள் ஏறிய பிறகும் தோள் மேட்டுக்கும் (கழுத்து முதுகோடு சேரும் இடத்திலுள்ள மேடு) சேணத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் முதுகெலும்பு நெடுக வெளிச்சம் தெரிய வேண்டும். இளங்குதிரை சில மாதங்களில் உருவம் மாறிவிடும் என்பதால் போன ஆண்டு பொருந்திய சேணம் இந்த ஆண்டு அழுத்தும்.

தனியாத்தான் நிக்குது. காலையும் சாயங்காலமும் கொள்ளும் ஓட்ஸும் நல்லா போடுறோம். இதுக்கும் பயத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம் உண்டு. குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுவதும் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீர் மெல்லும்போது மட்டும்தான் வரும். காலையில் தானியம், மாலையில் தானியம், நடுவில் காலித் தொட்டி என்றால் வயிற்றுப் புண் வருவது சகஜம். வயிற்றுப் புண் உள்ள குதிரை வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்க வரும், சின்னச் சத்தத்துக்கும் துள்ளும். உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் உலர்ந்த கணக்கில் புல் தேவை. 350 கிலோ குதிரைக்கு அது காய்ந்த புல்லாக 6 கிலோவுக்கு மேல், பச்சைப் புல்லாக 25 முதல் 30 கிலோ. நாலைந்து மணி நேரத்துக்கு மேல் வாய் சும்மா இருக்கக் கூடாது, இரவுக்கும் போட்டுவையுங்கள். வேலை குறைந்த நாளில் தானியத்தைக் குறையுங்கள். கோ-4 போன்ற நேப்பியர் ரகப் புல்லையே மாதக்கணக்கில் கொடுத்தால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. அருகம்புல்லும் குதிரை மசாலும் கலந்து கொடுங்கள்.

தனிமையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். குதிரை மந்தை மிருகம். இன்னொரு குதிரை பார்வையில் இருந்தால் அதன் பயம் பாதியாகும்; முடியாவிட்டால் கழுதையோ ஆடோ துணைக்கு நிற்கட்டும். நின்றபடியே குதிரை தூங்கும் என்பது பாதி உண்மைதான். ஆழ்ந்த உறக்கத்துக்குத் தினமும் அரை மணி நேரமாவது படுத்தாக வேண்டும். பயந்த இடத்தில், சேறான தரையில் அது படுக்காது. காலையில் உடம்பில் வைக்கோல் ஒட்டியிருக்கிறதா, படுத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாரக்கணக்கில் படுக்காத குதிரைக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

"தரையில பழக்கு"ன்னு எல்லாரும் சொல்றாங்க. தரையில என்ன பழக்கணும்?

நான்கு விஷயம். முன்னால் நடப்பது, நிற்பது, பின்னால் நகர்வது, தலையைத் தாழ்த்துவது. இவை சுத்தமாக வந்துவிட்டால், பயம் வரும் நேரத்தில் குதிரைக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். ஹால்டர் (கடிவாளம் இல்லாத தலைக்கட்டு), மூன்றரை மீட்டர் பருத்திக் கயிறு, கையுறை, ஹெல்மெட், குதிங்கால் உள்ள மூடிய ஷூ, வேலி போட்ட சமமான இடம் போதும். கயிற்றை எக்காரணம் கொண்டும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடித்துப் பிடியுங்கள்.

முறை இதுதான். பின்னால் நகர்த்த, கயிற்றில் லேசாக அழுத்தம் கொடுத்து அப்படியே வைத்திருங்கள். குதிரை எடையைப் பின்னால் சாய்த்தாலே போதும், அந்த நொடியில் விட்டுவிடுங்கள். குதிரைக்குப் பாடம் அழுத்தத்தில் இல்லை, விடுவதில் இருக்கிறது. தலையை உதறும்போது விட்டால் உதறக் கற்றுக்கொள்ளும். இரண்டு விநாடி தாமதமானால் எதற்காக விட்டோம் என்பதே அதற்குத் தெரியாது. தலை தாழ்த்த, காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கயிற்றில் சிறிதளவு கீழ்நோக்கிய எடை கொடுங்கள். ஒரு அங்குலம் இறங்கியதும் விடுங்கள். ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும். காலை ஒன்று, மாலை ஒன்று என்று பிரிப்பது ஒரு மணி நேரம் தொடர்ந்து இழுப்பதைவிடப் பல மடங்கு மேல்.

தார்ப்பாய், பிளாஸ்டிக் பையைப் பாத்தா பறக்குது. எப்படிப் பழக்குறது?

முதலில் தூரத்தை அளவெடுங்கள். தார்ப்பாயை நாலாய் மடித்துத் தரையில் வைத்து, மேலே கல் வையுங்கள். குதிரையை மெதுவாக அதை நோக்கி நடத்துங்கள். காது விறைத்து நடை தயங்கும் இடம் வரும். 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே நிற்காமல் இரண்டு மூன்று மீட்டர் பின்னால் வந்துவிடுங்கள். அங்கே முந்தைய பதிலில் சொன்ன நான்கு விஷயத்தையும் செய்யச் சொல்லுங்கள். தலை தாழ்ந்து, மூச்சை நீளமாக விட்டால், அதுவாகத் திரும்பி விலகி நடக்கவிடுங்கள். மறுபடியும் ஒரு மீட்டர் கிட்ட. இப்படியே அலைபோல் போய் வருவதுதான் வேலை.

பாதித் தூரம் வந்ததும் இன்னொருவர் தார்ப்பாயைக் கயிற்றில் கட்டி, குதிரைக்கு எதிர்ப்பக்கமாக மெதுவாக இழுத்துச் செல்லட்டும். நீங்கள் குதிரையோடு பின்னால் நடங்கள். தன்னைவிட்டு விலகிப் போகும் பொருளைத் துரத்த ஆரம்பித்ததும் பயம் ஆர்வமாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்: கழுத்து நீளும், மேலுதடு முன்னால் துழாவும், கடைசியில் மூக்கால் முட்டும். முட்டியதும் பொருள் நின்றுவிட வேண்டும். அதன்பின் தோளில் மடித்த தார்ப்பாயைத் தொட்டு, குதிரை அசையாமல் நிற்கும்போது எடுப்பது, பிறகு முதுகு, பிறகு ஒரு மடிப்பு விரிப்பது. குதிரை நகர்ந்தால் தார்ப்பாயைச் சட்டென்று எடுக்காதீர்கள். எடுத்தால் ஓடினால் தப்பிக்கலாம் என்று பாடமாகிவிடும். அதே அளவில் வைத்துக்கொண்டு நடந்து, நின்றதும் எடுங்கள். அது நடக்காமல் துள்ளுகிறதென்றால் நீங்கள் ஒரு படி தாண்டி வந்துவிட்டீர்கள், முந்தைய படிக்குத் திரும்புங்கள். எப்போதும் தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், நேர் முன்னால் நிற்க வேண்டாம். பயந்தால் எதிரில் இருப்பவர்மேல்தான் பாயும்.

கட்டிப்போட்டு தார்ப்பாயை மேல போட்டுவிட்டா, துள்ளி ஓஞ்சு ஒரே நாள்ல பழகிடும்னு சொல்றாங்களே?

ஓய்ந்து நிற்கும். பழகியிருக்காது. தப்பிக்க வழியில்லை என்று கைவிட்ட குதிரையும், பயமில்லை என்று தெளிந்த குதிரையும் பார்க்க ஒரே மாதிரி நிற்கும். நாடி பார்த்தால் வித்தியாசம் தெரியும். கைவிட்ட குதிரை வேறொரு நாள், வேறொரு இடத்தில், உங்களை மேலே வைத்துக்கொண்டு முன்னறிவிப்பே இல்லாமல் வெடிக்கும். கட்டுக்கயிற்றில் பின்னால் இழுத்துக் கழுத்து சுளுக்கி, மல்லாந்து விழுந்து மண்டை உடைந்த குதிரைகளும் உண்டு. இதைச் செய்யாதீர்கள், செய்பவரிடம் உங்கள் குதிரையைக் கொடுக்காதீர்கள்.

சாதாரணமாகக் கட்டும்போதும் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு போடுங்கள். கம்பத்தில் நேராகக் கட்டாமல் நடுவில் ஒரு மெல்லிய சணல் வளையம் வைத்துக் கட்டினால், உயிர்பயத்தில் இழுக்கும்போது சணல் அறும், கழுத்து தப்பும்.

இடது பக்கம் பழகினதை வலது பக்கம் பாத்ததும் மறுபடி மிரளுது. ஒரு கண்ணு பாத்தது இன்னொரு கண்ணுக்குத் தெரியாதா?

அப்படி ஒரு நம்பிக்கை நெடுநாளாக இருக்கிறது. ஒரு கண்ணால் கற்றதை மறு கண்ணாலும் குதிரையால் அடையாளம் காண முடியும் என்று சோதனைகள் காட்டிவிட்டன. ஆனால் அதே பொருளை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது உருவமே வேறாகத் தெரிகிறது. தவிர, நாம் எல்லா வேலையையும் இடது பக்கமே நின்று செய்கிறோம். அதனால் எந்தப் பயிற்சியையும் இரண்டு பக்கமும் முதலிலிருந்து செய்யுங்கள்; இரண்டாவது பக்கம் சீக்கிரம் முடியும்.

முதல் தடவை மேல ஏறுறது எப்படி?

தரையில் நான்கு பாடமும் முடிந்து, சேணத்தோடு வட்டக்கயிற்றில் (நீளக் கயிற்றில் பிடித்துத் தன்னைச் சுற்றி வட்டமாகப் போகவிடுவது) நடையும் ட்ராட்டும் நிதானமாகப் போன பிறகு. வட்டம் 15 முதல் 20 மீட்டர் விட்டம் இருக்கட்டும், சின்ன வட்டம் மூட்டைக் கெடுக்கும். பத்து நிமிடம் போதும், பாதியில் திசை மாற்றுங்கள். வயிற்று வாரை ஒரே இழுப்பில் இறுக்காமல் மூன்று தவணையில், நடுவில் சில அடி நடத்திவிட்டு இறுக்குங்கள். "வார் போட்டதும் குதிக்குது" என்ற புகாரில் பெரும்பகுதி அவசரத்தில் வந்தது.

இரண்டடி உயரப் பலகை மேல் நின்று தொடங்குங்கள். முதலில் பக்கத்தில் உயரமாக நிற்பது மட்டும்; தலைக்கு மேல் ஆள் தெரிவதே அதற்குப் புதிது. பிறகு சேணத்தைத் தட்டுவது, இரு கையால் எடை கொடுப்பது, அங்கவடியில் கால் வைத்து எடுப்பது, வயிறு படியக் குறுக்கே படுப்பது. இன்னொருவர் தலைப்பக்கம் நிற்க, குறுக்கே படுத்தபடியே நாலடி நடந்து பார்த்த பிறகுதான் காலைத் தாண்டிப் போட வேண்டும். உட்கார்ந்ததும் இறங்கிவிடுங்கள். இதை நாலைந்து நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

ரேஸிலிருந்து வந்த குதிரைக்கு வேறு சிக்கல். நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியைத் தூக்கி ஏற்றிவிடுவது அங்கே வழக்கம், அதனால் ஏறும்போது நிற்க வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது. லகானை இறுக்கினால் அதில் சாய்ந்து ஓடத்தான் கற்றிருக்கும். "இழுக்க இழுக்க ஓடுது" என்ற புகாரின் காரணம் இதுதான். அதற்கு நிற்பதைத் தரையிலிருந்து புதிதாகவே கற்றுக்கொடுக்க வேண்டும்.

எனக்கே பயமா இருக்கு. குதிரைக்கு அது தெரியுமா?

தெரியும். ஸ்வீடனில் நடந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், குதிரையை நடத்திச் செல்பவர்களிடம் அடுத்த சுற்றில் குடை விரிக்கப்படும் என்று சொன்னார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனாலும் மனிதர்களின் இதயத்துடிப்பும் குதிரைகளின் இதயத்துடிப்பும் சேர்ந்தே ஏறின.

பயத்தை மறைக்கப் பார்ப்பதைவிட உடம்பைச் சரிசெய்வது எளிது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். மிரளும் பொருளை முறைக்காமல், தாண்டிப் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். சேணத்தின் முன்பக்கம் ஒரு பிடிவார் கட்டிக்கொள்ளுங்கள். பிடிக்க ஏதாவது இருந்தால் லகானில் தொங்க மாட்டீர்கள். அன்றைக்கு மனசு சரியில்லை என்றால் ஏறாமல் தரைப் பயிற்சி செய்யுங்கள், அதில் எந்த நஷ்டமும் இல்லை.

மேல இருக்கும்போது மிரண்டா என்ன செய்யணும்? அடிக்கலாமா?

அடிக்கக் கூடாது. பயந்த நொடியில் வலித்தால், அந்தப் பொருளால்தான் வலித்தது என்று குதிரை முடிவுகட்டும். மறுமுறை இரட்டிப்பாக மிரளும். உட்கார்ந்த இடத்தில் ஆழமாக உட்காருங்கள், குதிகாலைக் கீழே இறக்குங்கள், லகானைப் பிடித்து உடனே தளர்த்துங்கள். பொருளை நோக்கி நேராகத் தள்ளாமல், அதன் பக்கம் ஒரு கண் இருக்கும்படி சற்று விலகிய வளைவில் கடந்து போங்கள். நடந்தால் போதும், அருகில் போக வேண்டியதில்லை.

ஓடத் தொடங்கினால் இரண்டு லகானையும் சேர்த்துத் தொடர்ந்து இழுக்காதீர்கள். இழுத்து விட்டு, இழுத்து விட்டு, இடமிருந்தால் பெரிய வட்டத்துக்குத் திருப்பி வட்டத்தைச் சிறிதாக்குங்கள். ஒரு பக்க லகானால் கழுத்தை வளைத்து நிறுத்தும் முறையை நிற்கும்போதும் நடையிலும் பழக்கிவைப்பது நல்லது. வேகமான ஓட்டத்தில் அதைச் சடாரென்று செய்தால் குதிரை கால் பின்னி விழும். முன்னங்காலைத் தூக்கினால் உடனே முன்னால் சாய்ந்து லகானை முழுக்க விடுங்கள், பிடரியைப் பிடியுங்கள். கால் தரையில் பட்டதும் முன்னோக்கி நடத்துங்கள். அடிக்கடி தூக்கும் குதிரை என்றால் ஏறுவதை நிறுத்திவிட்டு வலியைத் தேடுங்கள்.

ரோட்டுக்கு எப்போ கொண்டுபோகலாம்? பஸ் ஹாரனுக்கும் தெருநாய்க்கும் என்ன பண்றது?

வேலிக்குள் நிற்பது, திரும்புவது, பின்னால் நகர்வது மூன்றும் கேட்டவுடன் வந்தால். முதல் கட்டமாக, ரோட்டுக்குப் பக்கத்து வேலிக்குள் புல் போட்டு வாகனம் போவதைத் தினமும் பார்க்கவிடுங்கள். அடுத்து எஞ்சின் அணைத்த டிராக்டரைச் சுற்றி நடத்துங்கள். பிறகு எஞ்சின் ஓடும் டிராக்டர், பிறகு விலகிப் போகும் டிராக்டரைப் பின்தொடர்வது, பிறகு எதிரில் வருவது. பின்னாலிருந்து வருவது கடைசியில்தான். தார்ப்பாய்க்குச் சொன்ன அதே முறைதான், அளவு மட்டும் பெரிது.

முதலில் ஞாயிறு விடியலில், ஏறாமல் நடத்திக்கொண்டு, அனுபவமுள்ள குதிரையைத் துணைக்கு வைத்துப் போங்கள். நம் ஊரில் இடது ஓரமாகப் போகிறோம் என்பதால் குதிரையின் வலது பக்கம் நடந்தால்தான் வாகனத்துக்கும் குதிரைக்கும் நடுவில் நீங்கள் இருப்பீர்கள். இதற்காக வலது பக்கம் நின்று நடத்துவதையும் முன்கூட்டியே பழக்க வேண்டும். துணைக்குதிரை சாலைப் பக்கம், இளங்குதிரை உள்பக்கம். இரும்பு லாடம் தார் ரோட்டில் வழுக்கும், அங்கே நடை மட்டும். நாய் துரத்தினால் ஓடாதீர்கள். குதிரையைத் திருப்பி நாயைப் பார்க்க நிறுத்தினால் பெரும்பாலான நாய்கள் நின்றுவிடும்.

தீபாவளிக்கு என்ன செய்யலாம்? கோயில் ஊர்வலத்துல தாரை தப்பட்டைக்கு நிக்குமா?

தீபாவளிக்கு ஆறு எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். வெடிச் சத்தப் பதிவைத் தீவனம் தின்னும் நேரத்தில், மெல்லுவது நிற்காத அளவுக்குச் சன்னமாக ஓடவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கவலையில்லாமல் தின்றால் ஒரு படி கூட்டுங்கள். ஸ்பீக்கரில் வெடியின் அதிர்வும் மருந்து வாடையும் வராது என்பதால் இது முழுத் தீர்வல்ல. தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று சில ஆண்டுகளாக இருந்தாலும் சத்தம் நாள் முழுவதும் இருக்கும். அன்றும் மறுநாளும் ஏறாதீர்கள். பழகிய லாயத்தில், துணைக்குதிரை பக்கத்தில், தொட்டி நிறையப் புல்லோடு, விளக்கை எரியவிட்டு வையுங்கள். வெடியின் வெளிச்சம் இருட்டில்தான் அதிகம் மிரட்டும். கட்டிப்போடாமல் அறைக்குள் அவிழ்த்துவிடுங்கள். ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

மேளத்துக்கு ஆடும் குதிரைகளை அந்தியூரில் பார்த்துவிட்டுத் தம் மூன்று வயதுக் குதிரையை அந்த ஆண்டே ஊர்வலத்தில் நிறுத்த ஆசைப்படுகிறார்கள். தூரத்து மேளம், பக்கத்து மேளம், கூட்டம், இரவு விளக்கு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழக்காமல் மொத்தமாகச் சேர்த்தால் அசம்பாவிதம்தான் நடக்கும், அதுவும் குழந்தைகள் நிற்கும் தெருவில்.

முள் கடிவாளம் போட்டா அடங்கும்னு சொல்றாங்க. போடலாமா?

கூடாது. முள் வைத்த கடிவாளம் இந்தியாவில் 1965 முதல் வதைத் தடுப்பு விதிகளின்படி தடை செய்யப்பட்டது. சட்டத்தை விட்டாலும், மேலே சொன்ன காரணமே போதும்: மிரளும்போதெல்லாம் வாய் கிழிந்தால் உலகமே வலிக்கிறது என்றுதான் நினைக்கும். நடுவில் மூட்டுள்ள, வழவழப்பான சாதாரண ஸ்னாஃபிள் கடிவாளம் போதும். வாயின் இருபுறமும் அரை சென்டிமீட்டர் வெளியே தெரியும் அகலம் சரியானது. மூக்குப் பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

கேரட், வெல்லம் கொடுத்துப் பழக்கலாமா? கடிக்க ஆரம்பிச்சிடுமோ?

கொடுக்கலாம், ஒழுங்காகக் கொடுத்தால். சரியாகச் செய்த நொடியிலேயே தர வேண்டும். பையை முட்டும்போது தரவே கூடாது. குதிரை முகத்தை நேராக வைத்திருக்கும்போது, உள்ளங்கையை விரித்து, அதன் நெஞ்சை நோக்கிக் கொடுங்கள். கேரட்டை வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும், நீளவாக்கில் நறுக்குங்கள். வெல்லம் புளியங்கொட்டை அளவு போதும். தீனி வேண்டாம் என்பவர்கள் தோள் மேட்டில் விரலால் அழுத்திச் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று கடித்துச் சொறியும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கழுத்தில் பட் பட்டென்று அறைவதைக் குதிரை பாராட்டாக எடுத்துக்கொள்ளாது.

மயக்க ஊசி, மாத்திரை போட்டு முதல் தடவை ஏறலாமா?

மருத்துவர் சொல்லாமல் கூடாது. பரவலாகக் கிடைக்கும் ஏசிப்ரோமசின் என்ற மயக்க மருந்து உடம்பைத் தளர்த்துமே தவிர, பயத்தை எடுக்காது. திடீர் சத்தத்துக்கு மருந்தையும் மீறித் துள்ளும், கால் தடுமாறும். ஆண் குதிரைக்குக் குறி வெளியே தொங்கி உள்ளே போகாமல் நிரந்தரப் பாதிப்பு வரும் ஆபத்தும் அதற்கு உண்டு. மருந்தில் கற்றது தெளிந்தபின் சரியாக நினைவில் நிற்பதும் இல்லை. காயத்துக்குத் தையல் போடும்போது மருத்துவர் கொடுப்பது வேறு விஷயம்.

ரெண்டு மாசம் அருமையா போச்சு. திடீர்னு பழைய மாதிரி ஆயிடுச்சு. எல்லாம் வீணா?

வீணில்லை. பழகிய பயம் அழிவதில்லை, அதன் மேல் புதிய பழக்கம் படிகிறது. பத்து நாள் ஓய்வு, இடமாற்றம், பலத்த காற்று, புது ஆள், இதில் ஏதாவது ஒன்று நடந்தால் பழையது எட்டிப் பார்க்கும். தூரத்தைக் கூட்டி இரண்டு படி பின்னால் போங்கள். முதல் முறை எடுத்த நாட்களில் ஒரு பகுதியே ஆகும்.

ஆனால் எந்தக் காரணமும் தெரியாமல், எல்லாவற்றுக்கும் சேர்த்து மாறியிருந்தால் முதலில் வலிப் பட்டியலை மறுபடி பாருங்கள். காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால், கால் வீங்கினால், நடை தள்ளாடினால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கொசு ஈ அதிகமுள்ள பருவத்தில் குதிரை ஈ பரப்பும் சர்ரா நோய் இப்படித் தொடங்கலாம். எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், கண்டதையும் கடிக்க வந்தால் ரேபிஸாக இருக்கலாம். வாயில் கையை விடாமல் விலகி நின்று மருத்துவரை அழையுங்கள்.

எவ்வளவு நாள் பொறுக்கணும்? இது என்னால முடியாதுன்னு எப்போ முடிவெடுக்கணும்?

வாரம் நாலைந்து நாள், ஒழுங்கான அளவில் வேலை செய்தால், ஒரு பொருளுக்கான மிரட்சி சில வாரங்களில் கண்கூடாகக் குறையும். அமைதியாக ரோட்டில் போகும் குதிரையாக ஓராண்டாவது ஆகும். ஒரு நோட்டில் தேதி, மிரண்ட பொருள், எத்தனை மீட்டரில் நின்றது, எவ்வளவு நேரத்தில் தலை தாழ்ந்தது என்று எழுதிவையுங்கள். அந்த மீட்டர் கணக்கு குறைந்துகொண்டே வந்தால் தொடருங்கள்.

வலி இல்லை என்று மருத்துவர் உறுதி செய்து, தீவனமும் துணையும் சரியாக இருந்தும், ஆறு வாரத்தில் நோட்டில் எந்த மாற்றமும் இல்லையென்றால் அனுபவமுள்ள பயிற்சியாளரிடம் போங்கள். முதல் நாள் அவர் பயிற்சி கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். குதிரை வியர்த்து நடுங்க நடுங்கத் தொடர்கிறார் என்றால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். உங்கள்மேல் இரண்டாவது முறை மல்லாந்து விழுந்த குதிரை என்றால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். விற்பதாக இருந்தால், வாங்குபவரிடம் அது எதற்கு மிரள்கிறது, எவ்வளவு தூரத்தில் மிரள்கிறது என்று முழுசாகச் சொல்லி, அந்த நோட்டையும் சேர்த்தே கொடுங்கள்.